நடுவில் ஒரு கட்டம்

மீட்டர்காரரின் தங்கைக்குப் பக்கத்தில், ஒரு கை நீளத்துக்குள் யார் போய் நின்றாலும் அவர்கள் உடுத்தியிருந்த துணி அவளுடைய சேலையின் நிறத்துக்கு மாறியது. விலகினால் பழைய நிறம் திரும்பியது. பழைய கம்ப்யூட்டர் சங்கம் அவளுக்கு முதல் பரிசு கொடுத்த மறுநாள் காலையில் இது ஆரம்பித்தது. முதலில் மாறியவர் பால்காரர். காக்கிச் சட்டையோடு வந்தவர், கத்தரிப்பூ நிறத்தில் நின்று பாலை ஊற்றினார்; நாளைக்குக் கொஞ்சம் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு, வாசலைத் தாண்டியதும் காக்கியாகிப் போனார்.

சங்கம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. டிவியில் மாட்டி, கேசட்டிலிருந்து ஆட்டம் ஏற்றும் அந்தக் காலத்து வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட மனமில்லாத பதினோரு பேர், ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிள் கடை மாடியில் கூடுவார்கள். வருடத்துக்கு ஒரு தடவை போட்டி. மகா மட்டமான ஆட்டத்தை எழுதுகிறவருக்குப் பரிசு. ஆனால் வேண்டுமென்றே மட்டமாக எழுதியிருக்க வேண்டும்; எழுத வராமல் மட்டமானது செல்லாது. தலைவராக இருந்த டைப்ரைட்டிங் வாத்தியார் ‘பால் பொங்குகிறது’ என்று ஒன்று எழுதினார். நாற்பது நிமிடம் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், பால் பொங்காது. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறிக்கும் நம்மவரோ தன் பிழைப்பையே ஆட்டமாக்கினார். முந்நூறு கதவைத் தட்டினாலும் ஆள் இருக்காது. அடுத்த கதவு திறக்கும், அதோடு கம்ப்யூட்டர் உறைந்துவிடும். மூன்று வருடம் தொடர்ந்து அவருக்குத்தான் பரிசு. அந்தப் பெருமையில் மனிதர் தலைகால் தெரியாமல் இருந்தார் என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நான்காவது வருடம் அவரிடம் ஆட்டம் எதுவும் இல்லை. தையல் கடையில் காஜா எடுக்கும் அவருடைய தங்கை, கடை லீவு நாட்களில் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து இரண்டு வருடமாக ஒன்றை எழுதி முடித்திருந்தாள். பெயர் ‘ரோடு’. அவள் விளையாட்டுக்கு எழுதவில்லை, மனசார எழுதினாள். அப்பா போன பிறகு அண்ணன்தான் அவள் கையைப் பிடித்து ஏழு ரோடு தாண்டிப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவார். ஆட்டத்திலும் அதே ஏழு ரோடு, உயரமாக ஒரு வெள்ளைப் பொம்மை, குட்டையாக ஒரு பச்சைப் பொம்மை. அந்தக் கம்ப்யூட்டரின் திரை சின்னச் சின்னக் கட்டங்களால் ஆனது. ஒரு கட்டத்துக்குள் பின்னணி போக ஒரே ஒரு நிறம்தான் தங்கும். அதனால் குட்டை கையைப் பிடித்த உடனே நெட்டையும் பச்சையாகிவிடும். அண்ணன் அரை நிமிடம் பார்த்தார், பச்சையானதைக் கண்டு வயிறு வலிக்கச் சிரித்தார், டிவியை அணைத்துவிட்டுத் தங்கை பெயரிலேயே கேசட்டைப் போட்டிக்குக் கொடுத்துவிட்டார். பரிசு வேறு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது ஒரு காரணம். சும்மா சீண்டிப் பார்க்கலாம் என்பது இன்னொன்று.

நிறம் ஒட்டிக்கொள்ளும் கோளாறை இத்தனை நேர்த்தியாக, இத்தனை வேண்டுமென்றே செய்தவர் இதுவரை இல்லை என்று நடுவர்கள் எழுதியிருந்தார்கள். உடைந்த ஜாய்ஸ்டிக் ஒன்றைப் பலகையில் அறைந்து, பொன் வண்ணம் பூசி, வாத்தியாரே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போன பிறகு தங்கை ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீ கடைசி வரைக்கும் ஆடிப் பாத்தியா அண்ணே?”

“பாக்காமலா? பாத்துட்டுதான் குடுத்தேன்,” என்றார் அவர். வாய் கூசாமல் சொன்னார்.

மறுநாள் பால்காரர் நிறம் மாறினார்.

ஊர் இரண்டு வாரம் வேடிக்கை பார்த்தது, பிறகு வேலையைப் பார்க்கப் போனது. தையல் கடைக்காரர்தான் கெட்டிக்காரர். எந்தத் துணி எடுப்பது என்று குழம்புகிறவர்களைக் கண்ணாடி முன் நிறுத்தி, காஜா எடுப்பவளை அந்தத் துணியைச் சேலைபோலச் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கச் சொன்னார். மயில் கழுத்து நிறம் தங்களுக்கு எடுக்குமா என்று வெட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொண்டார்கள். அவளுடைய அண்ணி விசேஷங்களுக்குச் சாயம் போன சேலையில் போய், போட்டோ எடுக்கும்போது மட்டும் நாத்தனாரை ஒட்டி நின்றாள். ஒன்பது வருடம் இப்படிப் போனது. அத்தனை பேரும் மாறினார்கள், மீட்டர்காரரின் வெள்ளைச் சட்டை மட்டும் மாறவில்லை. உடன்பிறந்தவனை அது ஒன்றும் செய்யாது போல என்று சங்கத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பத்தாவது வருடம், மீட்டர் பார்க்கப் போன வீட்டில் நாய் கடித்து, நான்கு வாரம் வீட்டோடு இருந்தார். பொழுது போகாமல் பழைய கேசட்டுகளைக் கிளறியபோது ‘ரோடு’ கிடைத்தது. ஆடினார். ஏழு ரோட்டையும் தாண்ட அரை நாள் ஆனது. பள்ளிக்கூட வாசலில் குட்டை உள்ளே போனது, நெட்டை கை விட்டதும் வெள்ளையாகித் தனியாக நின்றது. அதன் தலைக்கு மேலே ஒவ்வொரு எழுத்தாக வந்தது: அண்ணனுக்கு.

அவர் டிவியை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். இதையும் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் மட்டமான ஆட்டம் என்று கொடுத்தான் என்றல்லவா ஒன்பது வருடம் நினைத்திருப்பாள். அந்நேரம் தங்கை மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து ஸ்டூலில் வைத்தாள். வைத்ததும் தரையில் ஒரு சதுரக் கல் பின்னால் போய் நின்றாள். அவர் கட்டுப் போட்ட காலைக் கொஞ்சம் நகர்த்தினார். அவள் இன்னொரு கல் பின்னால் போனாள். இந்த வீட்டில் ஒன்பது வருடமாக இது நடந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அன்னிக்கு நான் ஆடவே இல்லம்மா. அரை நிமிஷம்தான் பாத்தேன். பொய் சொன்னேன்.”

அவள் டிவியைக் கை காட்டினாள். “நடுவுல ஒரு கட்டம் விட்டு எழுதியிருந்தா கலர் ஒட்டாது. அது எனக்கு அப்பவே தெரியும். விட மனசு வரல அண்ணே.”

இப்போது பக்கத்தில் வாயேன் என்றார் அவர். அவள் முயன்றுதான் பார்த்தாள்.

“கோவம்லாம் இல்ல. காலு தானா பின்னால போகுது,” என்றாள்.

பரிசைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லி அவர் சங்கத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். விதியில் இடமில்லை என்று வாத்தியார் பதில் போட்டார். கால் ஆறியது, வேலைக்குப் போனார், நாலைந்து வருடம் ஓடியது. ஒரு மழைநாள் காலையில், அவர் ஆபீசுக்கும் அவள் கடைக்குமாக ஒரே பஸ்ஸில் ஏறினார்கள். கூட்டம் நெருக்கியது. பின்னால் போக அவளுக்கு இடமில்லை. அவருடைய வெள்ளைச் சட்டை அவள் சேலையைப் போல அரக்கு நிறமானது. இருவரும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கண்டக்டர் இடையில் புகுந்து, தானும் அரக்காகி, டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். நான்காவது ஸ்டாப்பில் கூட்டம் இறங்கியது, அவள் ஒரு கை நீளம் தள்ளி நின்றாள், சட்டை வெளுத்தது. மீட்டர்காரர் இரண்டாவது ஸ்டாப்பிலேயே இறங்கியிருக்க வேண்டும். அவர் நான்காவதில் இறங்கி, மழையில் ஆபீசுக்குத் திரும்பி நடந்தார்.