மிச்சமிருந்த இரைச்சல்

பாளையம்பட்டியில் விசைத்தறி ஓட்டும் பொன்ராஜுக்கு நாதஸ்வரம் என்றால் உயிர். ஆனால் நாலு தறிகள் தடதடக்கும் வீட்டில், போனில் எதைப் போட்டாலும் காதில் ஏறாது. ஹெட்போன் மாட்டினாலும் சத்தம் பத்தாது. அதனால் மதுரையில் பழைய சாமான் கடை ஒன்றில், மேசையில் வைத்துக் கேட்கும் சத்தம் கூட்டித் தரும் ஹெட்போன் ஆம்ப்ளிபயரைப் பார்த்ததும் வாங்கி வந்துவிட்டார்.

சுவிட்சைப் போட்டதுமே 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். பாட்டு ஓடும்போது பதுங்கிக்கொள்ளும்; வித்வான் மூச்சு வாங்கும் இடத்தில் தலையைத் தூக்கும்.

டவுனில் டிவி, ரேடியோ பழுது பார்க்கும் முகம்மது அனீஸிடம் யோசனை கேட்டார்.

"டிரான்ஸ்பார்மர் உள்ளயே இருக்குண்ணே. அதான் எரையுது. அதத் தனிப் பெட்டியில வெளிய வைங்க. எர்த்து வயரையெல்லாம் ஒரே எடத்துல சேத்து ஈயம் வச்சுப் பத்த வைங்க."

தறி மோட்டாரைப் பிரித்து மாட்டிப் பழகிய கை. சொன்னபடியே செய்தார். பாதி இரைச்சல் போனது. பழைய கெப்பாசிட்டர்களைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டார். கனத்த இரைச்சல் அடியோடு போய்விட்டது. ஆனாலும் மெல்லிசாக ஒன்று மிச்சம் இருந்தது.

தனக்கு மட்டும்தான் அப்படியோ என்று சந்தேகம் வந்து மனைவி தங்கச்செல்வியைக் கூப்பிட்டார். அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக் கேட்டாள்.

"ஆமாங்க, இருக்கு. ஙீன்னு, வண்டு கணக்கா."

இரண்டு பேர் காதிலும் விழுகிறதென்றால் பெட்டியில்தானே கோளாறு? வெளி இரைச்சல் புகாத ஷீல்டு வயர் போட்டார். எண்ணெய் டின்னை வெட்டிப் பெட்டிக்கு மூடி செய்தார். தறி ஓடாத ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு வேலை. ஒவ்வொரு முறையும் தங்கச்செல்வி வந்து கேட்டுவிட்டு, "இன்னும் இருக்குங்க" என்பாள்.

கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அனீஸிடமே போனார். அனீஸ் பாட்டே இல்லாமல் வால்யூமை முழுசாகத் திருப்பிக் கேட்டான்.

"சுத்தமா இருக்குண்ணே. ஒரு எரைச்சலும் இல்ல."

"ஏம்ப்பா, எனக்குக் கேக்குது, எம் பொண்டாட்டிக்கும் கேக்குது. ஒங்காதுலதான் கோளாறு!"

அனீஸ் சிரித்தான். பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அனீஸின் சிரிப்பு அடங்கிவிட்டது.

"அண்ணே, நான் இங்கனதான இருக்கேன். மெதுவாவே பேசுங்க."

அடுத்த வாரம், மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்கே கரண்டை நிறுத்தினார்கள். தெருவில் அத்தனை தறியும் ஓய்ந்தது. பொன்ராஜ் பெட்டியைத் துடைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் ஹெட்போனை மாட்டினார். ஙீ என்றது. சலித்துக்கொண்டே நிமிர்ந்தவர் கண்ணில், கூரையில் ஓடாமல் நின்ற பேன் பட்டது. வயரை உருவினார். ஙீ. ஹெட்போனையே கழற்றினார். அப்போதும் ஙீ.

"தங்கம், இங்க வா."

வயரை உருவியதைச் சொல்லாமல் ஹெட்போனை அவள் காதில் மாட்டினார். "கேக்குதா?"

"அதே சத்தந்தான்."

எதிலும் மாட்டாத வயரின் நுனியை அவள் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஹெட்போனைக் கழற்றி, காதில் புகுந்த தண்ணீரை உதறுவதுபோலத் தலையை உதறினாள்.

"எப்ப இருந்து இருக்கு ஒனக்கு?"

"சின்னவன் பெறந்த வருசத்துல இருந்து. எல்லாருக்கும் இப்பிடித்தான் இருக்கும்னு நெனச்சேன்."

பொன்ராஜுக்குச் சுருக்கென்றது. அந்த வருசம்தான் அவர் புதிதாக இரண்டு தறி போட்டார். கைப்பிள்ளைக்காரியை அவற்றின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர்தான்.

மதுரையில் காது டாக்டர் இருவரையும் சத்தம் புகாத அறையில் தனித்தனியாக உட்காரவைத்துச் சோதித்தார். கேட்கும் அளவைக் காட்டும் காகிதத்தில் இருவர் கோடுகளும் ஒன்றுபோலவே இறங்கிக் கிடந்தன. தறிச் சத்தத்தில் காது நரம்பு போனதால்தான் இப்படி இரைகிறது, போன நரம்பு திரும்ப வராது, இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள் என்றார். தறிச் சத்தத்தைத் தடுக்கும் காது மூடி இரண்டு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்கள்.

காரியாபட்டி தாண்டியதும் தங்கச்செல்வி அவர் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, இந்தச் சத்தம் இல்லாம இருந்தா எப்பிடி இருக்கும்? எனக்கு மறந்தே போச்சு."

அவருக்கும் மறந்துபோயிருந்தது.

மறுநாள் விடிந்ததும், அவள் பார்க்கும் இரண்டு தறிகளையும் நிறுத்திவைத்தார்.

"நீ இனிமே இங்கிட்டு வர வேணாம்."

"வராம? பாவு நூலு பாதி நெய்ததோட நிக்குது. நீங்க ஒத்தையா நின்னு மிச்சக் காதையும் தொலைக்கவா?"

காது மூடியை மாட்டிக்கொண்டு அவளே சுவிட்சைப் போட்டாள். பொன்ராஜ் ஏதோ சொன்னார். அவள் தறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை.