ஓப்பல் ஊருக்கு ஒரு பக்கம்

தயாநிதி சுவிட்சர்லாந்தின் கூர் நகர ஹோட்டலொன்றில் சமையற்காரர். இறந்துபோன நண்பன் தவச்செல்வனின் மகள் ரிஷானி அவரைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“மாமா, அப்பான்ர முப்பத்தோராம் நாள் நினைவு மலரில அவர் இருந்த ஆஸ்திரேலிய ஊரைப் பற்றி ஒரு பக்கம் போடவேணும். உங்களோடதானே ஞாயிறெல்லாம் கதைச்சவர்?”

ஓப்பல் என்ற ரத்தினக்கல் தோண்டிய குழிகளையே வீடாக்கி, வெயிலுக்குத் தப்பி வாழ்ந்தவர்களின் பாலைவன ஊர் அது. அதன் கதையைத் தவச்செல்வன் ஆசையாகச் சொல்லும்போதெல்லாம், தயாநிதி கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, வெங்காயம் வெட்டியபடி “ஓம், ஓம்” என்பார். முதற்கல்லைக் கண்டெடுத்தது யார், தண்ணீர் எங்கிருந்து வந்தது, எதுவுமே அவர் மனதில் நிற்கவில்லை.

“நான் வடிவாக் கேக்கேல்லைப் பிள்ளை,” என்றார்.

“பரவாயில்லை மாமா. அவருக்குக் கதைக்க ஒராள் இருந்ததெண்டு எழுதுறன்.”

அந்த அன்புக்குத் தான் தகுதியில்லை என்று தயாநிதிக்குத் தெரியும். தலைகுனிந்து அதை ஏற்றுக்கொண்டார்.