கட்டை விரல் கட்டு

பழைய வேட்டியின் கரையைச் சரோஜா பல்லால் கடித்துக் கிழித்தாள். கால் விரல்களைக் கட்டியாயிற்று. இனி கை. கணவனின் அண்ணன் ஞானதாஸ் துணியை வாங்கிக்கொள்ள, அவள் செல்வராஜின் உயிரில்லாத வலது கையை எடுத்து நெஞ்சின்மேல் வைத்துப் பிடித்தாள்.

உள்ளங்கையில், ஆள்காட்டி விரலுக்கு அடியில், மிளகு அளவுக்கு ஒரு குழி. நடுவில் சாம்பல் நிறம், ஓரம் கருகியிருந்தது. பக்கத்திலேயே இன்னொன்று.

அவள் நிமிர்ந்தாள். ஞானதாஸ் ஏற்கெனவே பார்த்திருந்தார். இரண்டு கட்டை விரல்களையும் சேர்த்து முடிச்சை இறுக்கி, உள்ளங்கை தெரியாதபடி கவிழ்த்து வைத்தார்.

“வாயத் தொறக்காத. கரண்ட்டுனு ஒரு வார்த்த வந்துச்சுனா போலீசு வந்துரும். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கினு போயி கூறு போட்டுருவானுங்க. மூணு மணிக்கு ஃபாதர் வராரு. என் தம்பி முழுசா போவட்டும்.”

அவளுக்கும் அவன் முழுசாகப் போக வேண்டும்.

காலை ஏழு மணிக்கு, கடலோர ரிசார்ட்டின் மோட்டார் ரூமில் செல்வராஜ் விழுந்து கிடந்தான். அங்கே வந்துபோகும் டாக்டர் வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்து, ஹார்ட் அட்டாக் என்று எழுதிக் கொடுத்தார். உள்ளே தரையெல்லாம் தண்ணீர். டாக்டர் அன்று தோல் ஷூ போட்டிருந்தார்.

ஒரு மணிக்கு மேனேஜர் ஹர்ஷவர்தன் வந்தார். அவருக்கு முன்னால் மலர் வளையம் வந்தது. ரிப்பனில் ரிசார்ட்டின் பெயர் ஒரு சாண் உயரம். அதன் கீழே ‘எங்கள் குடும்பத்தில் ஒருவர்’. செல்வராஜ் என்று எழுத இடம் போதவில்லை. குடும்பத்தில் ஒருவர் பன்னிரண்டு வருஷம் ரிசார்ட்டின் நீச்சல் குளத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். ஊழியர்கள் அதில் இறங்கக் கூடாது என்று அங்கே ஒரு பலகை உண்டு. அதையும் அவர்தான் துடைத்து வைப்பார்.

போட்டோ எடுக்கும்வரை மேனேஜர் கைகூப்பி நின்றார்.

“மாஸிவ் அட்டாக்மா. ஸ்ட்ரெஸ்தான் காரணம். யோகா பண்ணுங்க செல்வராஜ்னு நான் எத்தனையோ தடவ சொல்லியிருக்கேன்.”

பிறகு குரலைத் தாழ்த்தி, சரோஜாவின் தம்பி ஜெரோமின் பக்கம் திரும்பினார். செல்வராஜுக்கு அடுத்து அந்த மோட்டாரைத் தெரிந்த ஒரே ஆள் அவன்தான்.

“ஜெரோம், தப்பா நெனைக்காதீங்க. அஞ்சு மணிக்கு கல்யாண பார்ட்டி வராங்க. பூல் பச்சையா இருக்கு. மோட்டார ஓட விட்டுட்டு வந்துடுங்க, ஜஸ்ட் பத்து நிமிஷம்.”

“மாமாவே எல்லாம் பாத்துட்டாரு சார். மூடி ரப்பர மாத்தனாரு, கிரீஸ் தடவனாரு, வால்வு பாத்தாரு. பக்கெட் பக்கெட்டா ஊத்திகினே இருந்தாரு. ரெண்டு நிமிசம் தண்ணி இழுக்குது, அப்பறம் வெறும் காத்துதான். சும்மா ஓடி ஓடி சூடேறி, மோட்டாராண்ட வேற கசியுது.”

“நான் வீடியோ பாத்தேன். ஓடிட்டு இருக்கும்போதே மூடியக் கொஞ்சம் லூஸ் பண்ணணுமாம். ஏர் வெளிய வந்துடும். சிம்பிள்.” மேனேஜர் முதன்முறையாகப் புன்னகைத்தார். “ஈரம் பட்டாலே லைன சும்மா சும்மா கட் பண்ணிட்டிருந்துச்சே அந்த சேஃப்டி டிரிப்பர், அதையும் நேத்தே கழட்டிட்டு டைரக்ட்டா லைன் குடுக்கச் சொல்லிட்டேன். இனிமே நடுவுல நிக்காது.”

சரோஜா குளிர்ப்பெட்டிக்குள் கவிழ்ந்திருந்த கையைப் பார்த்தாள். ஜெரோம் வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்துவிட்டான். பைக் சாவி கையில் இருந்தது.

“ஜெரோமு, போவாத.”

“இன்னாக்கா நீ, தோ போயிட்டு தோ வந்துர்றேன். மாமா உட்ட வேல. நான் முடிக்காம வேற எவன் முடிப்பான்?”

“சரோஜா, ஒக்காரு,” என்றார் ஞானதாஸ்.

அவள் ஞானதாஸைப் பார்த்தாள். அவர் தலையை மெல்ல ஆட்டினார்: வேண்டாம்.

அவள் போய்க் குளிர்ப்பெட்டியின் கண்ணாடி மூடியைத் தூக்கினாள். “ஐயோ, அவ இன்னா பண்றா பாரு, புடிங்கடீ!” என்று பெண்கள் பதறினார்கள். ஒருமுறை போட்ட கட்டைக் கல்லறைக்குப் போகும்வரை யாரும் தொடுவதில்லை. அவள் நகத்தால் முடிச்சை நோண்டினாள். முடிச்சு அவிழ்ந்த பிறகும் இரண்டு கட்டை விரல்களும் ஒட்டிக்கொண்டேதான் இருந்தன. அவள்தான் பிரித்தாள். விறைத்திருந்த வலது கையை இரண்டு கைகளாலும் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினாள்.

“மோட்டாரத் தொட்ட கை, ஜெரோமு. நல்லா பாரு.”

எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள். ஹர்ஷவர்தன் மட்டும் தன் செல்போனைப் பார்த்தார். அது அடிக்கவில்லை.

ஜெரோம் செருப்பிலிருந்து காலை எடுத்தான். உள்ளே வந்து, மாமாவின் கையை அவளிடமிருந்து வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

ஞானதாஸ் வெளியே போய், குழி வெட்டப் போனவர்களுக்குப் போன் போட்டு, வெட்டுவதை நிறுத்தச் சொன்னார்.