ஆட்சேபம் இல்லை

1.
இந்தக் கதையை நான் விரும்பி எழுதவில்லை. தேன் எடுக்கும் பெண்மணி ஒருவர் மூன்றாவது முறையாக வந்து என் முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார், அதனால் எழுதுகிறேன். நாற்பது ஆண்டுகளுக்கு முன், மலையில் கல்குவாரி வரலாமா என்று அவருடைய இன மக்களைச் சபை கூட்டி அதிகாரிகள் கேட்டார்கள். பதிலைப் பதிவு செய்த எழுத்தர் என் தந்தை. "ஆட்சேபம் இல்லை" என்று எழுதினார். முத்து முத்தான கையெழுத்து. அந்தத் தாளைக் காட்டித்தான் இப்போது குவாரிக்காரர்கள் மிச்ச மலையையும் கேட்கிறார்கள். திங்கட்கிழமை விசாரணை.

2.
முதல் தொடக்கம்: "மலை அழுதது." (அடித்துவிட்டேன். மலை அழுது நான் பார்த்ததில்லை.)

இரண்டாவது: "என் தந்தை நேர்மையானவர். அவர் ஒருபோதும்

3.
அந்த மக்கள் சபையில் மலையைப் பற்றி வாய் திறப்பதில்லை. கூட இருப்பவரை வைத்துக்கொண்டே விலை பேசுவது போலாகும் அது. கேள்வி வந்ததும் எழுந்து போய்விட்டார்கள். அதுதான் அவர்களுடைய மறுப்பு.

(என் தந்தைக்கு அது தெரியாது என்று எழுத ஆசை. ஆனால், "அவங்க எழுந்துட்டா முடியாதுன்னு அர்த்தம்டா" என்று சாப்பாட்டு வேளையில் எங்களுக்குச் சொன்னவரே அவர்தான்.)

தம்பி தொலைபேசியில் கத்தினான்: "அண்ணா, செத்தவர் வந்து பதில் சொல்ல முடியுமா? நம்ம குடும்பப் பேரு என்ன ஆகும்?"

நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

4.
ஆகவே தந்தையை விட்டுவிட்டு, அந்தப் பெண்மணியே பேசுவதுபோல் இரண்டு பக்கம் எழுதி வாசித்துக் காட்டினேன்.

"இது யாருங்க பேசுறது?"

"நீங்கதாம்மா."

"நானா? இவ்வளவு அழகா பேசினா என் புருஷன் எப்பவோ ஓடியிருப்பான்."

சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஐயா, மலையப் பத்தி நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசினேனா? உங்க அப்பாவப் பத்தித்தானே பேசுறேன். அவரும் எங்க வாயில வார்த்தைய வெச்சாரு, நீங்களும் வைக்கிறீங்க. உங்க வாயால உங்க அப்பா செஞ்சதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அது போதும்."

5.
ஒரு முடிவு: கையெழுத்துப் போடுகிறேன். இன்னொன்று: உடம்பு சரியில்லை என்று கதவைச் சாத்துகிறேன்.

களைப்பாக இருக்கிறது. வாசகரே, நீங்களே ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள் என்று

(இல்லை. நான் சொல்ல வேண்டியதை இன்னொருவர் தலையில் கட்டுவதுதான் அதுவும்.)

புதுத் தாள். "அவர்கள் மறுத்தார்கள். அது என் தந்தைக்கு" என்பது வரை எழுதியிருக்கிறேன். அடுத்த சொல்லுக்குப் பேனா நகரவில்லை. எதிரே அந்தப் பெண்மணி எழுந்து நிற்கிறார்.