நெஞ்சை மட்டும் பார்த்த கேமரா

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்திலிருந்து வந்தது. அன்று கதிர்வீச்சு அறைக்குள் என் அக்கா சிரித்தாளா, அழுதாளா? அவளிடமே கேட்டிருக்கலாம். இப்போது அவள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கனத்த கதவு மெல்ல மூடியது.’ அடித்துவிட்டேன். அந்தக் கதவு மெல்ல மூடியதே கிடையாது. பீப் பீப் என்று ஊரைக் கூட்டும். “வழி விடுங்கப்பா, லாரி ரிவர்ஸ் எடுக்குது” என்பாள் அக்கா.

அடுத்து: ‘அக்கா தைரியமானவள்.’ இதையும் அடித்தேன். எல்லோரும் சொல்வது அதைத்தான். அது உண்மையா என்று பார்க்கத்தானே எழுத உட்கார்ந்தேன்.

2

[இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.]

அக்காவுக்கு இடது மார்பில் புற்றுநோய். அறுவை சிகிச்சைக்குப் பிறகு கதிர்வீச்சு. அந்த இடத்துக்குப் பின்னாலேயே இதயம். மூச்சை ஆழமாக இழுத்துப் பிடித்தால் நெஞ்சு விரியும், இதயம் சற்று விலகும். அந்த நேரத்தில்தான் கதிரைச் செலுத்துவார்கள். கூரையில் இருக்கும் கேமராக்கள் அவள் தோல்மேல் வெளிச்சம் பாய்ச்சி, முதலில் பதிந்துவைத்த வடிவத்தோடு இன்றைய நெஞ்சை ஒப்பிடும். பொருந்தினால் கதிர் வரும். கொஞ்சம் விலகினாலும் தானாக நின்றுவிடும்.

அவளைப் படுக்கவைத்துச் சரிசெய்யும் டெக்னீஷியனுக்கு அக்கா வைத்த பெயர் ஸ்டுடியோக்காரர். தோளை இறக்குங்க, தாடையைத் தூக்குங்க, அந்தப் பக்கம் பாருங்க என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

“என்ன ஸ்டுடியோக்காரரே, இன்னிக்காவது போட்டோ நல்லா விழுமா?”

“நீங்க வாயை மூடுனா விழும்மா.”

3

அன்று நான் வெளியே பெஞ்சில் காத்திருந்தேன். அவள் வர வழக்கத்தைவிட நேரமானது. பின்னாலேயே ஸ்டுடியோக்காரரும் வந்தார்.

“உங்க அக்காவைக் கொஞ்சம் கண்டிச்சு வைங்க. சிரிச்சு சிரிச்சு மெஷினையே நிறுத்திட்டாங்க.”

“உள்ள அப்படி என்னக்கா சிரிப்பு?”

“இவரு மூச்சைப் பிடி, மூச்சைப் பிடின்னு உயிரை வாங்குறாரு. உங்க மாமா என்னடான்னா பிரசவ ரூம்ல என் கையைப் புடிச்சுக்கிட்டு, மூச்சை விடு, மூச்சை விடுன்னு உயிரை வாங்குனாரு. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வரட்டும். அதுபடி செஞ்சுக்கறேன்.”

மூன்று பேரும் சிரித்தோம். என் முதல் பிரதி இங்கேதான் முடிந்தது.

(அவள் கண்கள் சிவந்தி— இல்லை. எனக்கு அது நினைவில் இல்லை. நினைவில் இல்லாததை எழுதக் கூடாது.)

4

இந்த இடத்தில் அவள் மரணம் வர வேண்டும். எழுதிப் பார்த்தேன். ‘நோய் ஈரலுக்குப் பரவிய பிறகு அக்கா’ என்பது வரை வந்தது. அந்த வாக்கியம் அப்படியே இருக்கட்டும்.

அந்த முதல் பிரதியை மாமாவிடம் கொடுத்தேன். சாப்பாட்டு மேஜையில் தட்டை ஒதுக்கிவிட்டு, விரலை வரிவரியாக நகர்த்திப் படித்தார். பிரசவ அறைக்கு வந்ததும் விரல் நின்றது.

“நான் எப்பம்மா உள்ள போனேன்?”

“போகலையா?”

“எங்க விட்டாங்க? வெளிய நின்னு நகத்தைக் கடிச்சுத் துப்பிக்கிட்டிருந்தேன். அதைச் சொல்லிச் சொல்லித்தானே ஆயுசு பூரா என் மானத்தை வாங்குனா.”

அப்படியானால் அது நினைவுக்கு வந்து சிரித்த சிரிப்பில்லை. சிகிச்சை மேஜையிலிருந்து இறங்கி, சட்டையை மாற்றிக்கொண்டு, என் முன்னால் வந்து நிற்பதற்குள் கட்டிய கதை.

“அப்ப அக்கா அழுதிருக்கா, மாமா.”

“அவளா? நல்ல ஜோக்கு ஒண்ணு கிடைச்சா பெத்த பிள்ளையையே மாத்திச் சொல்லுவாளே.” கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், மறுபடி போட்டுக்கொண்டார். “சிரிச்சான்னே எழுதிடும்மா.”

5

ஸ்டுடியோக்காரரைத் தேடிப் போனேன். தேநீர் இடைவேளையில் இருந்தார். அக்காவை நன்றாக நினைவிருந்தது.

“அன்னிக்கு முகத்தைப் பாத்தீங்களா?”

“கேமரா நெஞ்சை மட்டும்தாங்க பாக்கும். நாங்கதான் அந்த இடத்துக்குக் கட்டம் போட்டு வைப்போம். முகம் அதுக்குள்ள வராது. வெளிய ஸ்கிரீன்ல எங்களுக்கு மூச்சு ஒரு கோடாத் தெரியும். அன்னிக்கு அது குதிச்சுது.”

“ரூமுக்குள்ள வேற கேமரா இருக்குமே?”

“இருக்கு. ஆனா முகத்தைத்தான் அந்தப் பக்கம் திருப்பி வச்சிருப்போமே. பின்னந்தலைதான் தெரியும்.”

“அப்புறம் சிரிக்கறாங்கன்னு எப்படிச் சொன்னீங்க?”

கோப்பையைக் கீழே வைத்தார்.

“உங்க அக்காங்கறதால.”

“வேற யாராவதா இருந்தா?”

“என்னாச்சும்மான்னு மைக்ல கேட்டிருப்பேன்.”

[இந்தப் பதிலுக்குப் பிறகு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவரைக் குறை சொல்வதுபோல் இருந்தது. எடுத்துவிட்டேன். நானும் அந்த பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சிரித்தவள்தான்.]

“அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?”

“சிரிக்காதீங்கம்மான்னேன். ‘சரிங்க ஸ்டுடியோக்காரரே’ன்னாங்க. அப்புறம் பிடிச்சாங்க பாருங்க மூச்சு. கோடு ஆடவே இல்லை.”

6

முடிவு ஒன்று: அவள் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று எனக்குச் சொல்லப் பிடிக்காமல் மாமாவைப் பலிகொடுத்தாள்.

முடிவு இரண்டு: அவள் அழுதாள். சிரிக்காதீங்கம்மா என்று ஒரு குரல் வந்தது. சரி, இது சிரிப்பாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று—

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் நெஞ்சு ஒரே மாதிரிதான் குலுங்குகிறது.

முதலாவதை எடுத்துக்கொண்டால் எனக்குத் தூக்கம் வரும். இரண்டாவதை எடுத்துக்கொண்டால், கடைசியில் அவளைப் புரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான் என்று இருப்பேன். இரண்டும் என் வசதிக்குத்தான். ஆகவே நான் அந்த அறைக்குள் போகப்போவதில்லை.

நீங்கள் போங்கள். அவளை உங்களுக்குத் தெரியாது. சிரிப்பாள் என்று எதிர்பார்க்க மாட்டீர்கள். கதவு சத்தம் போடும், பயப்படாதீர்கள். அவள் முகம் திரும்பியிருக்கும் பக்கமாகச் சுற்றிப் போய் நில்லுங்கள்.