மைக்கில் கேட்ட பெயர்

எங்கள் கால்பந்து கிளப்பின் வரலாற்றை சீசன் வாரியாக எழுதித் தரச் சொல்லி புதுப் பையன்கள் வந்து நிற்கிறார்கள். நோட்டீஸ் அடிக்கப் போகிறார்களாம், ஒரு பக்கம் போதுமாம். எழுதுகிறேன். ஆனால் நல்லதை மட்டும் அச்சடிப்போம் என்று எவனாவது சொன்னால் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடுவேன். செருப்புக் கடை உமர் பாரூக் கோபக்காரன் என்று எலவனாசூர்கோட்டை முழுக்கத் தெரியும். கிளப்பின் செயலாளரும் நான்தான்.

2018, முதல் சீசன். எங்களுக்கு மைதானம் கிடையாது. மாசியில் ஏரி வற்றினால் அதுதான் மைதானம். ஏரி நிறைய வேண்டும் என்று அப்பன்கள் வேண்டிக்கொள்ள, சீக்கிரம் வற்ற வேண்டும் என்று பிள்ளைகள் வேண்டிக்கொள்வார்கள். ஆடியது ஒரே ஆட்டம். மணலூர்பேட்டைக்காரர்கள் ஏழு கோல் போட்டார்கள். போகும்போது பந்தை எங்கள் கையில் கொடுத்து, "இப்பவாவது தொட்டுப் பாருங்கடா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

2019இல் இளவரசன் வந்தான். அமிர்தம் அக்காவின் ஒரே பிள்ளை, தகப்பன் இல்லாதவன். பந்து அவன் காலுக்கு வந்தால் எதிர் கோல்கீப்பர் சாமி கும்பிட ஆரம்பித்துவிடுவான். அரையிறுதி வரைக்கும் போனோம். அக்கா ஒருநாளும் ஆட்டம் பார்க்க வந்ததில்லை. ஏரிக்கரைக்குக் கீழே மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிகளுக்கு நடுவே, களை எடுத்துக்கொண்டிருப்பார். ஏரியில் கட்டிய மைக்கில் 'இளவரசன்' என்று கேட்டால் நிமிர்ந்து, "எம்புள்ள கோலு போட்டுட்டான்டி" என்று பக்கத்தில் இருப்பவளிடம் சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொள்வார்.

அடுத்த இரண்டு வருஷத்தைக் கொரோனா தின்றது. ஏரி வற்றிக் கிடந்தது, ஆட்களும் இருந்தார்கள், லத்தியோடு போலீசும் இருந்தது.

2022இல் ஏரி நிறையத் தண்ணீர். களமருதூரில் அறுப்பு முடிந்த வயலில் பயிற்சி எடுத்தோம். பங்குனியில் ஒரு சாயங்காலம் திரும்பி வரும்போது, விளக்கில்லாமல் ரோட்டோரம் நின்ற கரும்பு டிப்பரில் இளவரசனின் வண்டி மோதியது. இருபத்திரண்டு வயது. அந்த சீசனைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

2023இல் யாருக்கும் ஆட மனசில்லை. 2024இல் பாதிப் பேர் திருப்பூர், சென்னை என்று பிழைக்கப் போய்விட்டார்கள். மூன்றாவது வருஷமும் வராவிட்டால் கிளப் பெயரை எடுத்துவிடுவோம் என்று உளுந்தூர்பேட்டைப் போட்டிக் கமிட்டி சொல்லிவிட்டது.

2025இல் தலைகீழாக நின்றும் பத்துப் பேர்தான் தேறினார்கள். பதினொன்றாவதாக மாயவன் என்ற பையனை கேப்டன் அஜித்குமார் கூட்டி வந்தான். கல்வராயன் மலைப் பையன், காலில் காற்றைக் கட்டிக்கொண்டு ஓடுகிறவன். ஆனால் ஆடுகிறவர்கள் எல்லாரும் உள்ளூர்க்காரர்களாக இருக்க வேண்டும், ஆதார் நகல் கொடுக்க வேண்டும் என்பது விதி. இளவரசனின் ஆதார் நகல் ஒன்று என் பைலில் கிடந்தது. அஜித்குமார் தயங்கினான்.

"செத்தவன் வந்து கேக்கவா போறான்?" என்றேன் நான். இந்த வாயால்தான் சொன்னேன்.

ஆதார் போட்டோவில் யார் முகம்தான் விளங்குகிறது? அப்பா பெயர், பிறந்த தேதி, தெரு எல்லாவற்றையும் மாயவனுக்கு மனப்பாடம் செய்ய வைத்தேன். உளுந்தூர்பேட்டையில் நடந்த ஆட்டங்களில் எல்லாம் ஜெயித்தோம். இறுதி ஆட்டத்தை வற்றிக் கிடந்த எங்கள் ஏரியிலேயே வைத்தார்கள். எல்லாவற்றையும் யோசித்த நான் மைக்கை மறந்துபோனேன்.

முதல் பாதி முடியப் போகும் நேரம். மாயவன் இரண்டு பேரை ஏமாற்றிக் கோல் போட்டான். வெளியூர் அறிவிப்பாளர் பட்டியலைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தினார். "ஒன்பதாம் நம்பர் இளவரசன்! எலவனாசூர்கோட்டை இளவரசன்!"

எங்கள் ஊர்க்காரன் ஒருத்தனும் கை தட்டவில்லை. எல்லாரும் கரையைப் பார்த்தார்கள். அமிர்தம் அக்கா களைக்கொட்டோடு கரைமேல் ஓடி வந்துகொண்டிருந்தார்.

இடைவேளை விட்டதும் எதிர்த்து ஆடிய சங்கராபுரம் அணியின் மேனேஜர் செல்லமுத்து கமிட்டியிடம் போய் நின்றார். "இவன் மலைக்காரப் பையன் சார். இவனுக்கு இளவரசன்னு எவன் பேரு வச்சான்?"

அதே நேரம் அக்கா ஆட்களை விலக்கிக்கொண்டு கமிட்டிப் பந்தலுக்குள் வந்துவிட்டார். மூச்சு வாங்கியது. "இளவரசன்னாங்களே, எங்க? எம்புள்ள எங்க?"

"நீங்க அவன் அம்மாவா? நல்லதாப் போச்சு" என்றார் கமிட்டித் தலைவர். மாயவனை இழுத்து முன்னால் நிறுத்தினார். "இது உங்க புள்ளையாம்மா?"

அக்கா மாயவனை உச்சியிலிருந்து கால்வரை பார்த்தார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். பிறகு அக்கா என்னைப் பார்த்தார். நான் இடுப்புக்குக் கீழே யாருக்கும் தெரியாமல் கை கூப்பினேன். பாவி, அப்போதுகூட எனக்குக் கிளப்தான் பெரிதாகத் தெரிந்தது.

"ஆமா" என்றார் அக்கா. "எம்புள்ளதான்."

இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தோம். எங்கள் வரலாற்றில் ஒரே கோப்பை. பையன்கள் மாயவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அக்காவைக் காணவில்லை.

வெயில் தாழ கோப்பையை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பு எரியவில்லை. கால் சேறுகூடக் கழுவாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"அத உள்ள கொண்டாராத பாரூக்கு."

"தப்பு பண்ணிட்டன்க்கா. கிளப்பு பூடும்னு பயந்து..."

"அது போவக் கூடாதுன்னுதான் நானும் சொன்னேன். அவன் உசிர வச்சிருந்த கிளப்பாச்சே."

அவர் திட்டியிருந்தால், செருப்பால் அடித்திருந்தால் தேவலை. அக்கா கோப்பையைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"மூணு வருசமா தெனம் எழுந்ததும், அவன் இல்ல, அவன் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கினு இருந்தேன். இப்பதான், ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட கை பழகுச்சி. இன்னிக்கி மைக்குல அவன் பேரு கேட்டுச்சி. கரை ஏர்ற வரைக்கும் எம்புள்ள உசிரோட இருந்தான் பாரூக்கு. மேல வந்து பாத்தேன். பூட்டான்." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் அவன் செத்து மூணு வருசம். எனக்கு இன்னிக்கி மத்தியானம்தான்."

என்ன சொல்லித் தேற்றுவது? நானே கொன்றுவிட்டு நானே தேற்றுவதா? கோப்பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வெற்றிச் செய்தி அதற்குள் வந்து சேர்ந்திருந்தது. என் மனைவி ஜெபீனா சிரித்த முகத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"உலை வை" என்றேன். "சாவு வூட்டுக்குச் சோறு கொண்டு போவணும்."

அவள் முகம் மாறிவிட்டது. "யா அல்லா! யாருங்க பூட்டாங்க?"

"இளவரசன்" என்றேன்.