வழிந்த கலவை

ஷவ்க்கியைக் கெட்டவன் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. சொல்லும்படி ஒரு சந்தர்ப்பம் அவனுக்கு வாய்க்கவில்லை, அவ்வளவுதான்.

நைல் கடலில் சேருகிற எஸ்பத் அல்-புர்கில் ஹாஜி மத்வல்லியின் படகுப் பட்டறை. கண்ணாடி நாரும் பிசினும் வைத்துப் படகு கட்டுகிற இடம். பிசினை அப்படியே விட்டால் வழிந்து ஓடிவிடும். படகின் செங்குத்துச் சுவரில் அதைப் பிடித்து நிறுத்துவது ஒரு வெள்ளைத் தூள். மூட்டையில் சிலிக்கா என்று போட்டிருக்கும், பட்டறையில் அதற்குப் பெயர் புகை. நெருப்பில் பிறந்தது என்பதால் மட்டும் வந்த பெயர் அல்ல. கடா அளவு மூட்டையை ஒரே கையில் தூக்கிவிடலாம். வாயை அவசரமாகப் பிரித்தால் பாதித் தூள் கூரைக்குப் போய்விடும். தோலில் பட்டால் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் கையைக் கருவாடாக்கிவிடும். அதே தூளைப் பிசினில் போட்டால் பிசின் களிம்பாகும். கோல் போட்டுக் கிளறினால் இளகிக் கொடுக்கும், கோலை எடுத்ததும் இறுகி நிற்கும்.

கலவை நிற்கிறதா என்று பார்க்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. சுவரில் சாய்த்த பலகையில் விரல் கனத்துக்கு ஓர் அப்பு அப்பிவிட்டு எல்லோரும் தேநீர் குடிக்க உட்கார்ந்துவிடுவார்கள். கோப்பை காலியாகும்போது அப்பியது அப்பிய இடத்தில் இருந்தால் சரி. வழிந்திருந்தால், வழிந்ததை எடுத்துக் கலந்தவன் மீசையில் பூசுவார்கள். மீசை போனாலும் போகும், சிரிப்பு மட்டும் ஒரு மாதத்துக்குப் போகாது.

பழைய மேஸ்திரி மகனோடு இத்தாலிக்குப் போய்விட்டதில் அந்த இடம் காலியாகிக் கிடந்தது. ஷவ்க்கிக்கு அது வேண்டும். தூக்கத்திலும் அதுதான். ஆனால் ஊர் வாய் முழுக்க வஃப்தி, வஃப்தி என்றே இருந்தது. வஃப்தி வேறு யாருமில்லை, ஷவ்க்கியின் தங்கை நஜாஹின் புருஷன். வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்துப் பட்டறைக்குக் கூட்டிவந்ததே ஷவ்க்கிதான். கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். இப்போது அந்தக் கைதான் பட்டறையில் முதல் கை என்கிறார்கள். வயிறு எரியாதா? எரிந்தது.

அந்தச் சமயத்தில் ஒரு குவைத்காரரின் உல்லாசப் படகு வேலை வந்தது. பழகின பிசின் ஆகாது, எபாக்சி என்கிற உசத்திப் பிசினில்தான் வேண்டும் என்றார் அவர். ஹாஜி இருவரையும் கூப்பிட்டார்.

"ரெண்டு பேரும் இன்னிக்கே ஆளுக்கொரு டின் கலந்து மூடி வைங்க. வியாழக்கிழமை அவர் வர்றாரு. அவர் கண் முன்னாடி பலகையில பூசணும். எவன் கலவை நிக்குதோ அவன்தான் மேஸ்திரி. என்ன வஃப்தி, மீசைக்கு எண்ணெய் போட்டு வச்சியா?"

"அது எங்க போகப்போகுது ஹாஜி," என்று வஃப்தி சிரித்தான்.

அன்று மதியமே எபாக்சிக்கென்று அலெக்சாண்ட்ரியாவிலிருந்து புதுத் தூள் வந்திறங்கியது. பார்வைக்கு அதற்கும் பழைய தூளுக்கும் துளி வித்தியாசம் இல்லை; அதே வெள்ளை, அதே பஞ்சு கனம். கொண்டுவந்த வியாபாரி விவரம் சொன்னபோது ஹாஜியும் ஷவ்க்கியும்தான் இருந்தார்கள். வஃப்தி மதியத் தொழுகைக்குப் போயிருந்தான்.

"பழைய தூள் தண்ணிய குடிக்கும். இது தண்ணிய கிட்டவே விடாது, மேலே மிதக்கும். எபாக்சியில பழசப் போட்டா இன்னிக்கு மலை மாதிரி நிக்கும் ஹாஜி. மூடி வச்சு நாலு நாள் கழிச்சுத் திறந்தா மோர்தான். புதுசுதான் நிலைக்கும்."

ஹாஜி தலையாட்டிவிட்டுப் போனார். தூளை இரண்டு பீப்பாயில் பிரித்து வைக்கிற வேலை ஷவ்க்கிக்கு. தனக்குப் புதுசை எடுத்துக்கொண்டான். மற்றதில் பழைய தூளை நிரப்பினான். என்ன பெரிய பாவம்? மேஸ்திரி ஆகமாட்டான், மீசையில் கொஞ்சம் பூசுவார்கள், அப்புறம் என் கீழே வேலை பார்ப்பான், தங்கை வீட்டு அடுப்பு எப்போதும்போல் எரியும். இப்படித் தனக்கே கணக்குச் சொல்லிக்கொண்டான்.

"இதுதான் உன் பங்கு மச்சான்," என்று பீப்பாயைத் தள்ளிவிட்டான்.

வஃப்தி உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "நீ பிரிச்சா சரியாத்தான் இருக்கும்."

வஃப்தி கலந்ததைப் பார்க்க ஆட்கள் கூடிவிட்டார்கள். தூளைத் தூவுவான், கோலைச் சுழற்றுவான், நிறுத்தி மூக்கால் இழுத்துப் பார்ப்பான். டின்னை மூடுமுன் பலகையில் ஒரு அப்பு அப்பினான். அன்றைக்கு அது ஆணி அடித்தமாதிரி நின்றது. ஷவ்க்கியும் எல்லோரோடும் சேர்ந்து "மாஷா அல்லாஹ்" என்றான்.

வியாழக்கிழமை குவைத்காரர் வாசனைத் தைலம் மணக்க வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். டின்கள் திறந்தன. வஃப்தி கோலை விட்டதும் அவன் முகம் மாறியது. கோல் சுழன்ற இடத்தில் தடம் நிற்கவில்லை, கஞ்சியில் விட்டமாதிரி மூடிக்கொண்டது. அவன் ஷவ்க்கியைப் பார்த்தான். சந்தேகப்பட்டு அல்ல, உதவிக்காக.

"இளகியிருக்கு மச்சான். என்ன பண்ணட்டும்?"

"ஒண்ணுமில்ல, பூசு."

கடினப்படுத்தும் திரவத்தைக் கலந்து இருவரும் பூசினார்கள். தேநீர் வந்தது. யாரும் குடித்து முடிக்க வேண்டியிருக்கவில்லை. ஷவ்க்கி அப்பியது அசையாமல் இருந்தது. வஃப்தியின் அப்பு வயிறு தொங்கி, நாக்கு நீட்டி, பலகையின் கீழ் விளிம்பைத் தொட்டுத் தரையில் சொட்டியது.

முதலில் சிரித்தது குவைத்காரர். பிறகு யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை.

"முதல் கைன்னு சொன்னீங்களே, இது ஒழுகுற மூக்கா?"

"தயிர் கடை வைக்கச் சொல்லு, பிழைச்சுக்குவான்!"

நேற்றுவரை வஃப்தி வஃப்தி என்று உருகினவர்கள்தான் இதையெல்லாம் சொன்னார்கள். மனுஷ ஜாதி அப்படித்தான். ஜெயித்தவன் பூச வேண்டும் என்பது வழக்கம். ஷவ்க்கி இரண்டு விரலில் வழித்தெடுத்து மச்சான் மீசையில் இழுத்தான். வஃப்தி குழந்தைபோல் முகத்தை நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றான். பழைய பிசின் என்றால் எரிச்சல் அடங்கிவிடும், எபாக்சி தோலைப் பொசுக்கும். கண்ணில் நீர் கோத்தது. அதையும் அழுகை என்று சொல்லிச் சிரித்தார்கள்.

குவைத்காரர் போனதும் ஹாஜி ஷவ்க்கியைத் தன் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். மேசையில் இரண்டு கண்ணாடித் தம்ளர், இரண்டிலும் தண்ணீர்.

"இது உன் பீப்பாயில மிச்சம் இருந்த தூள்," என்று ஒரு சிட்டிகை போட்டார். தூள் தண்ணீர்மேல் நனையாமல் மிதந்தது. "இது அவன் பீப்பாயில." போட்டதும் தண்ணீர் அதை விழுங்கிக் கலங்கியது.

ஷவ்க்கி சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"பயப்படாத. திட்டக் கூப்பிடல," என்றார் ஹாஜி. "மேஸ்திரி நீதான். வஃப்திக்கு நல்ல கை. ஆனா இருமுறவன், கிழவன், நொண்டின்னு எவனையும் வேலைய விட்டு அனுப்ப மாட்டான். எனக்கு ஆளக் குறைக்கணும். தங்கச்சி புருஷனுக்கே குழி வெட்டுறவன் எனக்கு எதையும் செஞ்சு தருவான். முதல்ல அவனையே அனுப்பு. உன் வாயால, எல்லாரும் பார்க்க."

"ஹாஜி... அவன் இருக்கட்டும். என் தங்கச்சி..."

"தம்ளர வெளிய எடுத்துட்டு வரட்டுமா?"

ஷவ்க்கி எழுந்தான். இவ்வளவு தூரம் போகும் என்று அவன் நினைத்ததே இல்லை. நினைக்காதது ஒரு சாக்கா என்ன?

வெளியே வஃப்தி குழாயடியில் மேலுதட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தான். இறுகிய மீசையைப் பாதிக்கு யாரோ கத்தரித்து விட்டிருந்தார்கள். கீழே தோல் சிவந்து கன்றியிருந்தது.

"வஃப்தி," என்றான் ஷவ்க்கி. மச்சான் என்று வாயில் வரவில்லை. "உனக்கு இங்க வேலை இல்ல. கணக்க முடிச்சுக்க."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வஃப்தி கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தான். கோபப்படுவான், ஒரு அடியாவது விழும் என்று ஷவ்க்கி நின்றான். அடி விழுந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரி மேஸ்திரி. ஒண்ணு மட்டும் சொல்லு. வேற பட்டறையில போய் வேலை கேக்கணும், அதுக்காகத்தான். எங்க தப்பு பண்ணேன்? ரெண்டு பேருக்கும் ஒரே தூள். உன்னுது நின்னுச்சு, என்னுது ஏன் ஓடுச்சு? தூள்ல ஏதாவது இருக்குமோ?"

அறைக் கதவு பாதி திறந்திருந்தது. ஹாஜி தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"தூள்ல ஒண்ணும் இல்ல," என்றான் ஷவ்க்கி. "உன் கை போச்சு. கொஞ்ச நாளாவே பாக்குறேன், சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். இனிமே கோலத் தொடாத."

வஃப்தி தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். தூள் ஈரத்தை உறிஞ்சி வெடித்துப்போன கைகள், விரலிடுக்கெல்லாம் வெள்ளை.

"ஆமா மச்சான்," என்றான் மெதுவாக. "எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு."

போகிற வழியில் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டான். கை போயிடுச்சாம், ஷவ்க்கி முன்னமே கவனிச்சிருக்கான், என் மனசு நோகும்னு சொல்லாம வச்சிருந்தான் பாவம் என்றான்.